கடைக் கணினியிலிருந்து பில்லை மெயிலில் அனுப்புவது: பைத்தானில் படிப்படியாக

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் என் சித்தப்பாவுக்கு ஒரு துணிக்கடை. அந்தக் கடைக்குப் பில் போடும் நிரலை நான்தான் பைத்தானில் எழுதிக் கொடுத்தேன். திரை, பைத்தானோடு வரும் டிகின்டர் என்ற நூலகத்தில் செய்தது. பில் பிடிஎஃப் கோப்பாக வரும். மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்பவர்களுக்கு அடுத்த மாதம் 11ஆம் தேதி கடைசி நாள். அதற்கு நாலைந்து நாள் முன்பே பில்களெல்லாம் ஆடிட்டர் கையில் இருக்க வேண்டும். சித்தப்பா பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மெட்ரோவில் ஒரு ஸ்டேஷன் தள்ளி மண்ணடியில் இறங்கி, தம்பு செட்டித் தெரு வரை நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருவார். முழங்கால் வலி வந்த பிறகு ஒருநாள், "டேய், நீ போட்ட புரோகிராமுலயே ஒரு பட்டன் வச்சு இத்த அனுப்ப முடியாதா?" என்று கேட்டார்.

முடியும். நிரல் இருபது வரிதான். ஆனால் அந்த இருபது வரி ஓடுவதற்கு எனக்கு நான்கு இரவுகள் ஆயின. யாரும் அந்த நான்கு இரவுகளைத் திரும்பச் செலவழிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உங்களிடம் விண்டோஸ் கணினி, பைத்தான் 3, ஒரு ஜிமெயில் கணக்கு இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளின் பெயரைத் தமிழில் ஒலிக்கிறபடி சொல்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ஒட்டுவதைவிட வரிவரியாக நீங்களே தட்டினால் கைக்கு நன்றாகப் படியும்.

முதலில் ஒரே ஒரு விஷயம்

மெயில் என்பது முழுக்க முழுக்க எழுத்து. இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் சிக்கல்களில் பாதி தானாகவே விளங்கிவிடும். மெயிலை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் எஸ்எம்டிபி முறையை ஜான் போஸ்டல் 1982இல் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணத்தில் எழுதிவைத்தார். அது ஆஸ்கி எழுத்துகளுக்காகச் செய்த முறை. ஆங்கில எழுத்து, எண், குறிகள் எல்லாம் சேர்த்து மொத்தம் 128 குறியீடுகள். அதில் தமிழும் கிடையாது, படமும் கிடையாது, பிடிஎஃப்பும் கிடையாது.

பத்து வருடம் கழித்து, 1992இல், நத்தானியல் போரென்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் மைம் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். பழைய குழாயை அவர்கள் மாற்றவில்லை. அதில் போகிற மாதிரி கோப்பையே எழுத்தாக மாற்றினார்கள். கோப்பின் மூன்று பைட்டை எடுத்து நான்கு எழுத்தாக்குவது. அதற்குப் பெயர் பேஸ்64. அதனால் நாம் இணைக்கும் கோப்பு போகும் வழியில் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். ஜிமெயிலில் உச்சவரம்பு 25 எம்பி என்றால், நிரல் வழியாக நீங்கள் இணைக்கக்கூடிய அசல் கோப்பு 18 எம்பி சுமாருக்குத்தான். ஒரு மாதத்துப் பில்லையும் ஸ்கேன் செய்து 22 எம்பிக்கு ஒரே கோப்பாகக் கட்டினால் அது திரும்பிவிடும். சர்வரின் பதிலில் 552 என்ற எண் வந்தால் பெரும்பாலும் காரணம் இந்த அளவுதான்.

கோப்புக்குப் பெயர்

புதுக் கோப்பு திறந்து அதற்கு இமெயில்.பிஒய் என்று பெயர் வைக்காதீர்கள். என் முதல் இரவு இதிலேயே போனது. பைத்தானுக்குள் ஏற்கெனவே இமெயில் என்ற பெயரில் ஒரு தொகுப்பு இருக்கிறது. அதே பெயரில் உங்கள் கோப்பு பக்கத்தில் இருந்தால் பைத்தான் அதைத்தான் முதலில் எடுக்கும். எடுத்துவிட்டு, 'இமெயில் ஒரு பேக்கேஜ் இல்லை' என்று பிழை காட்டும். நிரலில் எந்த வரியிலும் தவறு இருக்காது. எத்தனை முறை படித்தாலும் கண்ணில் படாது. பில்_அனுப்பு என்பதுபோல எதையாவது, ஆங்கில எழுத்தில், வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப் பாஸ்வேர்டு

ஜிமெயிலில் நீங்கள் தினமும் போடும் பாஸ்வேர்டை நிரலில் கொடுத்தால் உள்ளே விடாது. 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளுக்கு அந்த வழி மூடப்பட்டுவிட்டது. அதற்கு முன் எழுதிய பாடங்களில் 'பாதுகாப்புக் குறைந்த ஆப்களை அனுமதி' என்ற ஒரு ஸ்விட்சைப் போடச் சொல்வார்கள். அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அந்த ஸ்விட்சே இப்போது இல்லை.

செய்ய வேண்டியது இது. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள். அப்புறம் அங்கேயே தேடும் இடத்தில் ஆப் பாஸ்வேர்ட்ஸ் என்று தட்டி, புதிதாக ஒன்று உருவாக்குங்கள். 16 எழுத்து வரும், நான்கு நான்காகப் பிரித்துக் காட்டும். ஒரு தடவைதான் காட்டும்.

இனிதான் நான் இரண்டு இரவு சிக்கிய இடம். அந்த 16 எழுத்தையும் பிரவுசரிலிருந்து நகலெடுத்து நிரலில் ஒட்டினேன். ஓட்டியதும் 'ஆஸ்கி கோடெக் இந்த எழுத்தை மாற்ற முடியவில்லை' என்ற பிழை, கூடவே எக்ஸ்ஏ0 என்ற ஒரு குறி. நான் தமிழில் எழுதிய மெயில் வாசகம்தான் காரணம் என்று நினைத்து வாசகத்தை ஆங்கிலமாக்கினேன். அதே பிழை. தலைப்பை ஆங்கிலமாக்கினேன். அதே பிழை. இடைவெளிகள்தான் காரணமோ என்று ரிப்ளேஸ் போட்டு அவற்றை நீக்கினேன். அப்போதும் அதே பிழை.

கடைசியில்தான் விஷயம் புரிந்தது. நான்கு எழுத்துக்கு ஒருமுறை இருந்தது நாம் ஸ்பேஸ் பட்டனில் தட்டுகிற இடைவெளி இல்லை. வரி உடையாமல் இருக்க இணையப் பக்கங்களில் போடும் வேறொரு இடைவெளி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அது ஆஸ்கியின் அந்த 128இல் இல்லை. பாஸ்வேர்டை ஆஸ்கியாக மாற்றும் இடத்திலேயே பைத்தான் நின்றுவிடுகிறது, சர்வருக்குப் பாஸ்வேர்டு போய்ச் சேரவே இல்லை. ரிப்ளேஸில் நான் கொடுத்தது சாதாரண இடைவெளி. அது இந்த இடைவெளியைத் தொடாது.

தீர்வு எளிது. 16 எழுத்தையும் கையால் தட்டுங்கள், நடுவில் இடைவெளியே விடாமல். அல்லது ஸ்பிளிட்டால் பிரித்து ஜாயினால் ஒட்டுங்கள். ஸ்பிளிட்டுக்குள் எதுவும் கொடுக்காமல் விட்டால் எல்லா வகை இடைவெளியையும் அது அறியும்.

கூகுள் கணக்கின் முக்கியப் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் செல்லாமல் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நேற்றுவரை போன மெயில் இன்று 535 என்ற லாகின் பிழையோடு திரும்பினால், வீட்டில் யாராவது பாஸ்வேர்டை மாற்றினார்களா என்று முதலில் கேளுங்கள்.

கடிதத்தைக் கட்டுவது

பைத்தானில் இதற்குப் பழைய வழி ஒன்று, புது வழி ஒன்று. மைம்மல்டிபார்ட், மைம்பேஸ் என்று நான்கைந்து பொருள்களை அடுக்கிக் கட்டுவது பழைய வழி. இணையத்தில் இன்னும் அதுதான் அதிகம் கிடைக்கிறது. அதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. இமெயில்.மெசேஜ் என்பதிலிருந்து இமெயில்மெசேஜ் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். பேஸ்64, தமிழ் எழுத்து எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். வெளியிலிருந்து எந்த நூலகமும் நிறுவத் தேவையில்லை. (சி ஷார்ப்பில் எழுதுகிறவர்கள் மெயில்கிட் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எஸ்எம்டிபிகிளையன்ட்டைப் புதிய வேலைக்கு எடுக்க வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லிவிட்டது.)

ஒரு காலி இமெயில்மெசேஜ் உருவாக்கி, சப்ஜெக்ட், ஃப்ரம், டூ மூன்றையும் நிரப்புங்கள். இரண்டு பேருக்கு அனுப்ப வேண்டுமென்றால் டூவில் இரு முகவரிகளையும் காற்புள்ளி போட்டு ஒரே சரமாக எழுதுங்கள். டூவை இரண்டு தடவை நிரப்பினால் பிழை வரும். ஒரே கடிதத்தை வைத்துக்கொண்டு லூப்பில் பலருக்கு அனுப்பப் பார்த்தாலும் இதே பிழைதான். ஒவ்வொருவருக்கும் புதுக் கடிதம் உருவாக்குங்கள்.

அடுத்து செட்_கன்டென்ட் போட்டு வாசகத்தை வையுங்கள். தமிழிலேயே எழுதலாம். அதற்குப் பிறகுதான் ஆட்_அட்டாச்மென்ட். இந்த வரிசை மாறக்கூடாது. கோப்பை முதலில் இணைத்துவிட்டால் கடிதம் பல பகுதி கொண்டதாக மாறிவிடும், அதன்பின் செட்_கன்டென்ட் வேலை செய்யாது.

ஆட்_அட்டாச்மென்ட்டுக்கு நான்கு கொடுக்க வேண்டும். முதலாவது கோப்பின் பைட்டுகள். பாத்லிப்பின் பாத் எடுத்து ரீட்_பைட்ஸ் போட்டால் சரி. ஓப்பன் போட்டுத் திறக்கிறவர்கள் ஆர்பி (பைட்டாகவே படி) என்று கொடுக்க வேண்டும். ஆர் மட்டும் கொடுத்தால் பிடிஎஃப்பை எழுத்தாகப் படிக்கப் போய் விழுந்துவிடும். இரண்டாவது மெயின்டைப், அதற்கு அப்ளிகேஷன். மூன்றாவது சப்டைப், அதற்கு பிடிஎஃப். நான்காவது ஃபைல்நேம். இதை விட்டுவிட்டால் கோப்பு பெயரில்லாமல் போய்ச்சேரும், ஆடிட்டர் ஆபீசில் எதில் திறப்பது என்று தெரியாது.

ஃபைல்நேமைத் தமிழில் கொடுத்தாலும் போகும். ஆனாலும் பெயரை மட்டும் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வைக்கவே நான் விரும்புகிறேன். எதிர்முனையில் பழைய மென்பொருள் இருந்தால் தமிழ்ப் பெயர் சிதைந்து தெரியலாம். வருடம், மாதம், கடைப் பெயரின் சுருக்கம் இருந்தால் போதும்.

அனுப்புவது

எஸ்எம்டிபிலிப் என்பதை இம்போர்ட் செய்து, எஸ்எம்டிபி_எஸ்எஸ்எல் வழியாக எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம் என்ற சர்வரின் 465ஆம் போர்ட்டை (சர்வருக்குள் போகும் எண்ணிட்ட வாசல்) திறங்கள். அப்புறம் லாகின், அப்புறம் சென்ட்_மெசேஜ். வித் போட்டு எழுதினால் இணைப்பு தானாக மூடும்.

587ஆம் போர்ட்டும் உண்டு. அதில் வெறும் எஸ்எம்டிபியால் திறந்து, ஸ்டார்ட்டிஎல்எஸ் சொல்லி இணைப்பைப் பூட்டி, அதன்பின் லாகின் செய்ய வேண்டும். இரண்டையும் கலக்கக்கூடாது. 587ஐ எஸ்எஸ்எல்லால் திறந்தால் 'ராங் வெர்ஷன் நம்பர்' என்று பிழை வரும். 465ஐ வெறும் எஸ்எம்டிபியால் திறந்தால் பிழைகூட வராது, அப்படியே தொங்கி நிற்கும். எனக்கு 465தான் பிடிக்கும். முதல் எழுத்திலிருந்தே பூட்டிக்கொண்டு போகிறது, ஒரு வரியும் குறைவு. எதைத் திறந்தாலும் டைம்அவுட் 60 என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் நெட் போன நேரத்தில் நிரல் முடிவில்லாமல் காத்திருக்கும்.

முதல் சோதனையை உங்கள் முகவரிக்கே அனுப்பிப் பாருங்கள்.

பட்டனோடு இணைப்பது

நேராகப் பட்டனில் கட்டினால் மெயில் போகும், ஆனால் போய் முடிகிறவரை திரை உறைந்துவிடும். எங்கள் கடையில் அப்படித்தான் ஆனது. தீபாவளிக்கு முந்தின வாரம், கல்லாவில் ஆள் நிற்கிறது, திரை அசையவில்லை. சித்தப்பா இன்னும் இரண்டு தடவை பட்டனை அழுத்தியிருக்கிறார். ஆடிட்டருக்கு ஒரே பில் கட்டு மூன்று முறை போய்ச் சேர்ந்தது.

அனுப்பும் வேலையைத் தனி த்ரெட்டில், அதாவது திரையின் வேலைக்குப் பக்கத்திலேயே ஓடும் இன்னொரு வேலையாக, போடுங்கள். பட்டனை அழுத்தியதுமே அதைச் செயலிழக்கச் செய்துவிடுங்கள், முடிந்ததும் திரும்பத் திறக்கலாம். த்ரெட்டுக்குள்ளிருந்து திரையின் எதையும் நேரடியாகத் தொடாதீர்கள். முடிவை ஒரு க்யூவில் (வரிசைப் பெட்டி) போட்டுவிட்டு, டிகின்டரின் ஆஃப்டர் போட்டு 200 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை திரைப்பக்கம் அதைப் பார்க்கட்டும். டீமன், அதாவது நிரல் மூடினால் கூடவே நின்றுவிடும் வேலை, என்று அந்த த்ரெட்டைக் குறிக்க வேண்டாம். குறித்தால், கடையைச் சாத்தும் அவசரத்தில் சன்னலை மூடும்போது பாதி வழியில் மெயில் அறுந்துபோகும்.

பாஸ்வேர்டை நிரலுக்குள் எழுதிவைக்கக்கூடாது. கீரிங் என்ற நூலகம் விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் அதை வைத்துத் திரும்ப எடுத்துத் தரும். இந்த ஒன்றுக்கு மட்டும் வெளி நூலகம் நிறுவுவதில் எனக்குச் சம்மதம்.

பின்னால் சேர்த்தது

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி இதைச் செய்து பார்த்துவிட்டு, லாகினுக்கு முன்பே ஆஸ்கி பிழை வருகிறது என்று எழுதியிருந்தார். பாஸ்வேர்டில் தவறில்லை. அவர் தன் கணினிக்கே தமிழில் பெயர் வைத்திருக்கிறார். சர்வரிடம் பேச ஆரம்பிக்கும்போது எஸ்எம்டிபிலிப் கணினியின் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கும். அந்தப் பெயரும் ஆஸ்கியின் 128க்குள் இருக்க வேண்டும். கணினியின் பெயரை மாற்ற வேண்டியதில்லை. எஸ்எம்டிபி_எஸ்எஸ்எல் திறக்கும்போது லோக்கல்_ஹோஸ்ட்நேம் என்பதற்கு லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் போதும். அவருக்கு அதில் சரியாகிவிட்டது.

இன்னொருவர், பைத்தான் நிரலை நேரடியாக ஓடும் கோப்பாகக் கட்டித்தரும் பைஇன்ஸ்டாலரை வைத்து ஒரே இஎக்ஸ்இ ஆக்கியபின் பில் கோப்புகள் கிடைக்கவில்லை என்றார். ஒரே கோப்பாகக் கட்டிய இஎக்ஸ்இ ஓடும்போது தன்னை ஒரு தற்காலிக ஃபோல்டரில் பிரித்துக்கொள்ளும்; நிரல் கோப்பின் இடத்தை வைத்துப் பாதையைக் கணக்கிட்டால் அங்கே போய்த் தேடும். அதற்குப் பதில் சிஸ்.எக்ஸிகியூட்டபிள் இருக்கும் ஃபோல்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இஎக்ஸ்இயையே மெயிலில் இணைத்து நண்பருக்கு அனுப்பலாம் என்று நினைத்தால் போகாது. ஜிமெயில் இஎக்ஸ்இ கோப்புகளைத் தடுத்துவிடும், ஜிப்புக்குள் வைத்தாலும் திறந்து பார்த்துத் தடுக்கும். டிரைவில் ஏற்றி இணைப்பை மட்டும் அனுப்புங்கள்.