ஏற்காட்டுக் குளிரில் கார் கிளம்பவில்லையா? முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

மார்கழி விடியற்காலை. ஏற்காட்டில் தங்கிவிட்டுச் சேலம் திரும்பச் சாவியைத் திருப்பினால், வண்டி முனகிவிட்டு அடங்கிவிடுகிறது. பேட்டரியைத் தேய்ப்பது சேலத்து வெயில். அதைக் காட்டிக்கொடுப்பது சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிர்.

முதலில் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். விளக்கு, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கிளட்சை முழுதாக மிதித்து ஒரே ஒருமுறை சாவியைத் திருப்புங்கள். இப்போது காதுதான் கருவி.

'டக் டக் டக்' என்று விடாமல் அடித்தால் பேட்டரியில் வலுவில்லை. ஒரே ஒரு 'டக்' கேட்டு நின்றால் செல்ஃப் மோட்டாரையோ அதன் வயரையோ சந்தேகிக்கலாம். என்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். எரிபொருள் பக்கம் பாருங்கள். டீசல் குறைவாக இருக்கும்போது சரிவில் நிறுத்தினால், டேங்கின் ஒரு மூலைக்கு அது ஒதுங்கிவிடும். எதுவாக இருந்தாலும் ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது.

அடுத்து பானெட்டைத் திறந்து பேட்டரி முனைகளைப் பாருங்கள். போன வருடம் என் வண்டியில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளையும் பச்சையுமாகப் படிந்திருந்தது; கிளிப்பைத் தொட்டதும் ஆடியது. கழற்றிச் சுரண்டி இறுக்கினேன், உடனே கிளம்பிவிட்டது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அப்படியும் ஆகவில்லையென்றால் ஜம்பர் கேபிள், அதாவது இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் வாங்கும் சிவப்பு, கறுப்பு வயர்கள். சிவப்பை உங்கள் பேட்டரியின் பிளஸில் மாட்டி, மறுமுனையை உதவிக்கு வந்த வண்டியின் பிளஸில் மாட்டுங்கள். கறுப்பை அந்த வண்டியின் மைனஸிலும், மறுமுனையை உங்கள் என்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பிலும் மாட்டுங்கள். அந்த வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு உங்கள் சாவியைத் திருப்புங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். 'இறக்கம்தானே, உருட்டிவிட்டால் கிளம்பிவிடும்' என்று யாராவது சொன்னால் இணங்காதீர்கள். என்ஜின் ஓடாதபோது இரண்டு மூன்று மிதியிலேயே பிரேக் கல்லாக இறுகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். கீழே காத்திருப்பவை 20 கொண்டை ஊசி வளைவுகள். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, மெக்கானிக்கை மேலே வரச் சொல்லுங்கள்.