டெபியன் போடப் போறீங்களா? ஸ்டேபிளா, டெஸ்டிங்கா, சிட்டா?

டெபியன் என்பது லினக்ஸ் வகை இயங்குதளம். அதில் ஸ்டேபிள் (சோதித்து முடித்தது), டெஸ்டிங் (அடுத்த ஸ்டேபிளாகத் தயாராவது), சிட் (எல்லாம் சுடச்சுட வருவது) என்று மூன்று கிளைகள். எதைப் போடுவது? கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் முன்னால் உட்கார்ந்து சரிசெய்யப் போவது யார், முதலில் அதைப் பாருங்கள். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் பில் போடுகிற கம்ப்யூட்டர், கானாடுகாத்தானில் ஹோட்டலாக மாறிய பெரிய வீட்டில் ரூம் புக்கிங் பார்க்கிறது, சிங்கப்பூர் பேரனோடு பேச ஆச்சி வைத்திருக்கும் லேப்டாப், இதற்கெல்லாம் ஸ்டேபிள்தான், யோசிக்கவே வேண்டாம். ஏதாவது ஆனால் காரைக்குடியிலிருந்து ஒரு ஆள் வண்டியை எடுத்துக்கொண்டு வர வேண்டும், அதுவரை பில் நின்றுவிடும்.

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, அதாவது ட்ரிக்ஸி, ஸ்டேபிள். சுமார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் அடுத்தது வரும், நடுவில் பாதுகாப்புத் திருத்தங்களும் பெரிய கோளாறுகளுக்கான திருத்தங்களும் மட்டும். மூன்று வருடம் முழு ஆதரவு, அப்புறம் எல்டிஎஸ் எனும் நீண்டகால ஆதரவு இரண்டு வருடம். லிப்ரே ஆபிஸ் பழசாகவே கிடக்கும், பில் போடுகிறவர் அதற்காக உங்களைத் திட்டப் போவதில்லை.

"எனக்குப் புதுசு வேணுமே" என்பவர்களில் பாதிப்பேருக்கு ஒரே ஒரு மென்பொருள்தான் புதிதாக வேண்டியிருக்கும். அதற்காக மொத்தத்தையும் மாற்றுவானேன்? பிளாட்பேக்கில், அதாவது மற்றதைத் தொடாமல் ஒரு மென்பொருளை மட்டும் தனியாகப் போடும் முறையில், போட்டுக்கொள்ளுங்கள். புது லேப்டாப்பில் வைஃபை வரவில்லையென்றால் பேக்போர்ட்ஸிலிருந்து (ஸ்டேபிளுக்கென்று தயார்செய்த புதிய பதிப்புகள் இருக்கும் இடம்) புதிய கர்னலை, அதாவது வன்பொருளை இயக்கும் மையப் பகுதியை, எடுத்துப் பாருங்கள்.

புதிய பேக்கேஜ் (இன்ஸ்டால் செய்யத் தயாராகக் கட்டிய மென்பொருள்) முதலில் வந்து இறங்குவது சிட்டில். சில நாள் அங்கே இருந்து, பெரிய கோளாறு என்று புகார் வராவிட்டால் டெஸ்டிங்குக்குப் போகும். டெஸ்டிங் நடுவில் இருக்கிறதே, அதனால் பத்திரம் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. பாதுகாப்புத் திருத்தமும் பெரும்பாலும் சிட் வழியாகத்தான் வந்து சேரும், அதனால் தாமதமாகும். உடைந்த பேக்கேஜுக்கும் அதே கதிதான், சிட்டில் இருப்பவருக்குத் திருத்தம் முதலில் கிடைத்துவிடும், நீங்கள் காத்திருக்க வேண்டும்.

புரோகிராம் எழுதுகிறவர், பேக்கேஜ் செய்கிறவர், கோளாறைத் தேடிப்பிடித்துப் புகார் செய்யும் காலேஜ் பையன் இவர்கள் சிட்டுக்குப் போகலாம். முதலில் விர்ச்சுவல் மெஷினில், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் மென்பொருள் கம்ப்யூட்டரில், ஓட்டிப் பாருங்கள். ஏபிடி-லிஸ்ட்பக்ஸ் என்ற கருவியைப் போட்டுவிடுங்கள், தெரிந்த கோளாறு இருந்தால் அப்கிரேடுக்கு முன்பே சொல்லும். எந்தெந்த பேக்கேஜை நீக்கப் போகிறது என்று காட்டும் பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' தட்டவே கூடாது. டவுன்லோடும் அதிகம், போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பவர் கவனிக்க. கரண்ட் போகிற நேரமாகப் பார்த்து யுபிஎஸ் இல்லாமல் அப்கிரேடில் இறங்காதீர்கள்.

ஸ்டேபிளிலிருந்து டெஸ்டிங்குக்கு ஏறுவது சுலபம். இறங்க டெபியனில் முறையான வழி இல்லை, புதிதாகத்தான் இன்ஸ்டால் செய்ய வேண்டும், அதனால் உங்கள் ஃபைல்கள் இருக்கும் ஹோமை டிஸ்கில் தனிப் பார்ட்டிஷனில் (தனிப் பகுதியில்) வையுங்கள். எங்கிருந்து பேக்கேஜ் எடுப்பது என்று சொல்லும் சோர்சஸ் லிஸ்டில் ஸ்டேபிளையும் சிட்டையும் கலந்து எழுதிவிட்டு அப்புறம் புலம்பாதீர்கள். டெஸ்டிங்தான் வேண்டும் என்றால் அங்கே 'டெஸ்டிங்' என்று போடாமல் 'ஃபோர்க்கி' என்று அடுத்த பதிப்பின் பெயரைப் போடுங்கள், அது டெபியன் 14 ஆக வெளிவரும்போது உங்கள் கம்ப்யூட்டரும் அப்படியே ஸ்டேபிளில் நின்றுவிடும்.