கோஹாவுக்கு மாறும் நூலகங்கள்: பணியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி நூலகங்கள் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளுக்கு மாறுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. ஒரு நாள் பயிற்சி. ஒருவர் புரொஜெக்டரில் பொத்தான்களை அழுத்திக் காட்டுவார், மற்றவர்கள் குறிப்பெடுப்பார்கள். அடுத்த வாரம் பழைய எக்செல் கோப்பை ஏற்றிவிட்டு, இனி புத்தக வழங்கல் எல்லாம் கணினியில்தான் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்படும். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை யாரும் இரண்டு வாரத்தில் பழகிக்கொள்வார்கள். உள்ளே போகும் தரவு எப்படி இருந்தால் மென்பொருள் என்ன செய்யும் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. பிறகு மாதக்கணக்கில் அலைக்கழிப்பதும் அதுதான்.

கோஹா நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா நூலக அமைப்புக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. திறந்த மூல மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணம் கிடையாது. ஆண்டுக்கு இருமுறை, மே மாதமும் நவம்பரும், புதிய பதிப்பு வரும். பதிப்பு மாறினால் மெனுவின் இடமும் மாறலாம். "மேலே மூன்றாவது பொத்தான்" என்று எழுதிவைத்த குறிப்பு அப்போது உதவாது. அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்று எழுதிவைத்தால் உதவும்.

எக்செல் செய்யும் கெடுதல்

முதல் தவறு கோஹாவைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஒவ்வொரு நூலுக்கும் உரிய பன்னாட்டு எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு 13 இலக்கம். பத்தியின் வடிவத்தை 'டெக்ஸ்ட்' என்று மாற்றாமல் தட்டினால் எக்செல் அதை 9.78812இ+12 என்கிற மாதிரி சுருக்கிக் காட்டும். கோஹாவில் ஏற்றுவதற்காகச் சிஎஸ்வி என்ற வெற்று எழுத்துக் கோப்பாகச் சேமிக்கும்போது திரையில் தெரியும் வடிவமே கோப்புக்குள் போகும். கடைசி ஏழு இலக்கங்கள் அத்தோடு போயின. இந்தியப் பதிப்பகங்களின் எண்கள் 978-81 அல்லது 978-93 என்றுதான் தொடங்குகின்றன. அதனால் நூற்றுக்கணக்கான புத்தகங்களுக்கு ஒரே ஐஎஸ்பிஎன் வந்து உட்கார்ந்துவிடும். இந்தக் கோப்பைப் பகுதி பகுதியாக ஏற்றி, ஐஎஸ்பிஎன் பொருந்தினால் பழைய பதிவை மாற்று என்றும் தேர்வு செய்திருந்தால், முதல் பகுதியில் ஏறிய இயற்பியல் புத்தகத்தின் மேல் இரண்டாம் பகுதியின் வணிகவியல் புத்தகம் ஏறிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

2007-க்கு முந்தைய 10 இலக்க எண்களில் வேறொரு தொல்லை. ஆங்கில நாடுகளில் அச்சான பல நூல்களின் எண் பூஜ்யத்தில் தொடங்கும், எக்செல் அந்தப் பூஜ்யத்தை விழுங்கிவிடும். 00457 என்ற பார்கோடும் 457 ஆகிவிடும். ஒட்டிய லேபிளை ஸ்கேன் செய்தால் "இல்லை" என்று பதில் வருவது இதனால்தான். தட்டத் தொடங்கும் முன்பே பத்தியை டெக்ஸ்ட் ஆக்க வேண்டும். தட்டி முடித்த பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பாது.

தமிழ்த் தலைப்புகளுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. வெறும் 'சிஎஸ்வி' என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறும், அவற்றை மீட்க வழியே கிடையாது. தமிழ் எழுத்துகளை அப்படியே காக்கும் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற தனித் தேர்வு பட்டியலில் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுங்கள், மூல எக்செல் கோப்பையும் அழிக்காதீர்கள். பலர் சேர்ந்து தட்டும் கோப்பில் ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்துவதும் அடிக்கடி நடக்கிறது. தலைப்பெல்லாம் இடம் மாறும், ஆசிரியர் பெயர்கள் பழைய இடத்திலேயே நிற்கும்.

சேர்க்கை எண்ணும் பார்கோடும்

கோஹாவில் ஒரு பார்கோடு ஒரு நூலின் ஒரே ஒரு படிக்குத்தான் (பிரதிக்குத்தான்). ஆனால் பல கல்லூரிகளில் பொதுப் பிரிவு, பார்வை நூல் பிரிவு, புத்தக வங்கி என்று தனித்தனிப் பதிவேடுகள், ஒவ்வொன்றிலும் சேர்க்கை எண் (புத்தகம் நூலகத்தில் சேரும்போது தரும் எண்) 1-இல் தொடங்கும். மூன்றின் எண்களையும் அப்படியே பார்கோடாக ஏற்றினால் இரண்டாவது, மூன்றாவது பதிவேட்டின் படிகள் ஏறாது. நூற்பதிவு ஏறியிருக்கும், அதன் கீழ் படி எதுவும் இருக்காது. ஒவ்வொரு பதிவேட்டுக்கும் ஆங்கில எழுத்து ஒன்றை முன்னொட்டாக வைத்து, எண்ணை ஒரே அகலத்தில், ஐந்தோ ஆறோ இலக்கமாக எழுதுவதே எளிய தீர்வு. லேபிள் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இதை முடிவு செய்ய வேண்டும்.

கோஹா நூற்பதிவை மார்க் என்ற வடிவில், எண்ணிட்ட புலங்களாகப் பிரித்து வைக்கிறது. படியின் விவரங்கள் எல்லாம் 952 என்ற புலத்தில் போகின்றன. அதன் உட்புலங்களில் 'ஏ' சொந்த நூலகம், 'பி' இப்போது இருக்கும் நூலகம், 'ஒய்' படியின் வகை. இம்மூன்றிலும் நிர்வாகப் பகுதியில் அமைத்த குறியீட்டைத்தான் எழுத வேண்டும். "மைய நூலகம்" என்று முழுப்பெயரை எழுதினால் படி சேராது. விலையை 'ஜி'-இல் எல்லோரும் நிரப்புகிறார்கள். மாற்று விலைக்கான 'வி'-யைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். இது அபராதம் கணக்கிடும்போது வந்து கடிக்கும்.

ஏற்றும் முறை இது. முதலில் 20 பதிவுகள் மட்டும், அவற்றில் தமிழ் ஐந்து, பல தொகுதி நூல் ஒன்று, ஐஎஸ்பிஎன் இல்லாத பழைய நூல் இரண்டு. மார்க்எடிட் என்ற மென்பொருள் கொண்டு மார்க் கோப்பாக மாற்றி, கோஹாவின் தற்காலிகப் பகுதியில் ஏற்றுங்கள். எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நூற்பட்டியலுக்குள் கொண்டுபோய், தேடிப் பார்த்து, ஒரு புத்தகத்தை வழங்கித் திரும்பப் பெற்றும் பாருங்கள். தவறு தெரிந்தால் அந்தத் தொகுப்பையே பின்வாங்கும் வசதி அதே பக்கத்தில் இருக்கிறது. 40,000 பதிவுகளை ஒரே மூச்சில் ஏற்றியவர்கள் இந்த வசதியைத் தெரிந்துகொள்வது வழங்கல் தொடங்கிய பிறகுதான். அப்போது அதைத் தொட முடியாது.

தமிழ் நூல்கள் தேடலில் ஏன் வருவதில்லை

பழைய தரவு பாமினி, டிஎஸ்சிஐஐ, டாம், டாப் எழுத்துருக்களில் இருந்தால் கோஹாவில் அது பொருளற்ற எழுத்துக் குவியலாகவே தெரியும். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் பல கிடைக்கின்றன. முழுக் கோப்பையும் அப்படியே மாற்றிக்கு ஊட்டிவிடுவதுதான் இங்கே தவறு. பாமினி மாற்றி ஆங்கிலத் தலைப்புகளையும் பாமினி என்றே எடுத்துக்கொண்டு தமிழ்க் குப்பையாக மாற்றித் தரும். முதலில் தமிழ் வரிசைகளைத் தனித் தாளுக்குப் பிரித்துவிடுங்கள்.

யூனிகோடுக்கு வந்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் இருக்கும். 'ஔவையார்' என்பதை 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாகத் தட்டி 'ஒளவையார்' என்று வைத்திருப்பார்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். 'கௌதமன்', 'கெளதமன்' கதையும் அதேதான். இதைத் திருத்தப் போய் 'ஒள' வரும் இடமெல்லாம் 'ஔ' என்று மாற்றினால் 'ஒளி', 'ஒளவை' இரண்டும் சேர்ந்தே மாறும். ஒளியியல் புத்தகங்கள் அத்தனையும் கெட்டுவிடும். 'மெள' என்பதை 'மௌ' ஆக்கினால் 'மெள்ள' மாட்டிக்கொள்ளும். முழுச் சொல்லாகத் தேடி மாற்றுங்கள்: 'ஒளவை', 'கெளதம', 'மெளன', 'பெளத்த' என்று ஒரு சிறு பட்டியல் போதும். துணைக்காலுக்குப் பதில் 'ர' தட்டும் பழக்கமும் சிலருக்கு உண்டு. 'காலம்' அங்கே 'கரலம்' ஆகியிருக்கும். இதை மட்டும் கண்ணால் படித்துத்தான் பிடிக்க முடியும்.

சர்வர் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. கோஹாவின் வழக்கமான தேடல் இயந்திரம் ஜெப்ரா. தமிழ்ச் சொற்களை ஒழுங்காகப் பிரித்து அட்டவணைப்படுத்த அதில் ஐசியூ முறையை இயக்க வேண்டும். இயக்கிய பிறகு முழு மறு அட்டவணையும் செய்ய வேண்டும், இல்லையென்றால் பழைய பதிவுகள் பழையபடியே கிடக்கும். நிறுவித் தருபவரிடம் முதல் நாளே கேட்டு வாங்க வேண்டியது இது.

பிற நூலகங்களின் பதிவுகளைத் தேடி எடுக்க உதவும் இசட்39.50 நெறிமுறை வழியாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பதிவை இறக்கிக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும், ஆங்கில நூல்களுக்கு. தமிழ் நூல்களின் தலைப்பும் ஆசிரியர் பெயரும் அங்கே புள்ளி, கோடு இட்ட ரோமன் எழுத்தில் இருக்கும். சுந்தரம் என்ற பெயர் அங்கே ஆங்கில 'சி'-இல் தொடங்கும். நம் மாணவர் தட்டுவதோ 'எஸ்'. அதனால் 245 புலத்தில் தலைப்பைத் தமிழிலேயே எழுதுங்கள். மாணவர்கள் கைபேசியில் தட்டும் ஆங்கில எழுத்துக்கூட்டலை 246-இல் சேருங்கள். வகைப்பாட்டு எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் அலமாரியில் புத்தக முதுகில் என்ன ஒட்டியிருக்கிறதோ அதுவே படியின் கூப்பிடு எண்.

ஆசிரியர் பெயரில் ஒரே விதி வேண்டும். 'சு. கந்தசாமி', 'சு.கந்தசாமி', 'கந்தசாமி சு', 'கந்தசாமி, சு.' என்று நான்கு விதமாக இருந்தால் கோஹா நான்கு ஆசிரியர்களைக் காட்டும். 'கந்தசாமி, சு.' என்று பெயரை முன்வைத்து எழுதுவதே நூற்பட்டியல் வழக்கம்.

"புத்தகம் காணோம்" என்று மறுபடி தட்டுவது

புதிதாகச் சேர்த்த நூல் தேடலில் வரவில்லை என்றதும் பணியாளர் அதை இன்னொருமுறை சேர்ப்பார். மாலையில் இரண்டும் வந்து நிற்கும். பதிவு தரவுத்தளத்தில் சேர்ந்தது; அதைத் தேடல் அட்டவணையில் ஏற்றும் நிரல்தான் நின்றுபோயிருக்கிறது. மின்வெட்டுக்குப் பின் சர்வரை மறுபடி இயக்கும்போது இது சகஜம். சேர்த்த புத்தகத்தின் பார்கோடைக் கோஹா திரையில் உள்ள திருப்புதல் பெட்டியில் ஸ்கேன் செய்யுங்கள். அந்தப் பெட்டி நேரே தரவுத்தளத்தைப் பார்ப்பதால், தலைப்பு வந்துவிட்டால் பதிவு பத்திரமாக இருக்கிறது என்று பொருள். சர்வர் பார்ப்பவருக்குத் தகவல் சொன்னால் போதும்.

ஒரே பதிவை இருவர் இரண்டு கணினியில் திறந்து திருத்தினால் கோஹா தடுக்காது. கடைசியாகச் சேமித்தவரின் திருத்தமே நிற்கும். அலமாரிவாரியாக வேலையைப் பிரித்துக்கொண்டால் இது நேராது.

வழங்கல் விதிகள்

விதியை மாற்றியும் மாறவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். கோஹா முதலில் அந்த நூலகத்துக்கு, அந்த உறுப்பினர் வகைக்கு, அந்தப் படி வகைக்கு என்று துல்லியமாக எழுதிய விதியைத் தேடும். அது இல்லையென்றால்தான் படிப்படியாகப் பொதுவான விதிக்கு வரும். 'எல்லா நூலகங்களும்' பக்கத்தில் 14 நாளை 21 ஆக்கினாலும், உங்கள் நூலகத்தின் பக்கத்தில் 14 என்ற வரி இருந்தால் அதுவே செல்லும்.

விடுமுறைகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் ஏற்றுங்கள். திருப்ப வேண்டிய தேதி புத்தகம் கொடுக்கும் கணத்திலேயே கணக்காகிவிடுகிறது. பொங்கல் விடுமுறையை ஜனவரி 10 அன்று ஏற்றினால், டிசம்பர் கடைசியில் கொடுத்த புத்தகங்களுக்குத் தேதி மாறாது. நவம்பரில் ஆட்சியர் காலையில் அறிவிக்கும் மழை விடுமுறையையும் அன்றே ஒற்றை நாளாகச் சேருங்கள். தேதி மாறாவிட்டாலும், மூடிய நாட்களை விட்டுவிடும்படி அமைத்திருந்தால் அபராதக் கணக்கில் அந்த நாள் கழியும்.

அபராத உச்சவரம்பைக் காலியாக விட்டால் ஒரு புத்தகத்தின் அபராதம் அதன் விலையைத் தாண்டி ஓடும். மாற்று விலைக்கு மேல் போகாதே என்று ஒரு தேர்வு விதியிலேயே இருக்கிறது. ஆனால் 952-இன் 'வி' காலியாக இருந்தால் அது வேலை செய்யாது. முன்பே சொன்னது இதைத்தான். பழைய பதிவேட்டில் கடனில் கிடக்கும் புத்தகங்களைப் பழைய தேதியோடு ஏற்றினால் முதல் நாளே பெரும் அபராதம் விழும். பருவத் தேர்வு முடிந்து புத்தகங்கள் திரும்பி வரும் சமயமே மாறுவதற்கு ஏற்றது.

உள்நுழைவும் பேக்கப்பும்

எல்லா அதிகாரமும் உள்ள ஒரே பயனர் பெயரை மேசையில் இருக்கும் அனைவரும் பயன்படுத்துவது மிகப் பரவலான, மிக மோசமான பழக்கம். எந்த மாற்றத்தை யார் செய்தார் என்பதைக் கோஹா குறித்துவைக்கும், ஆனால் எல்லாம் ஒரே பெயரில் இருந்தால் அந்தக் குறிப்பு பயனற்றது. வழங்கல் மேசைக்கு வழங்கல் அனுமதி மட்டும், பட்டியலிடுபவருக்குப் பட்டியல் அனுமதி மட்டும். பதிவை நீக்கும் அதிகாரம் ஓரிருவருக்குப் போதும்.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நிறுவியிருந்தால் பேக்கப் தினமும் தானாக நடக்கிறது என்று நிம்மதியாக இருப்பார்கள். நடப்பது உண்மைதான். ஆனால் இயல்பு அமைப்பில் இரண்டு நாள் கோப்புகள் மட்டுமே நிற்கும், அதுவும் அதே கணினியின் வட்டில். திங்களன்று பல பதிவுகளில் ஒரே நேரத்தில் செய்த தவறான தொகுப்பு மாற்றம் வெள்ளியன்று தெரியவந்தால் கையில் எதுவும் இருக்காது. நாட்களின் எண்ணிக்கையைக் கூட்டி, வாரம் ஒருமுறை வெளி வட்டுக்கு நகலெடுங்கள். பருவத்துக்கு ஒருமுறை அந்த நகலைச் சோதனைக் கணினியில் மீட்டும் பாருங்கள்.

அந்தச் சோதனைக் கணினியையே பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளலாம். அதில் 50 புத்தகம், மூன்று வகை உறுப்பினர் போதும். தாமதமாகத் திருப்புவது, தொலைந்ததாகக் குறிப்பது, அபராதத்தைத் தள்ளுபடி செய்வது, ஒருவர் எடுத்த நூலை இன்னொருவருக்கு முன்பதிவு செய்வது, தவறான பார்கோடைத் திருத்துவது என்று ஆளுக்கு ஆள் மாற்றிச் செய்து பார்க்கட்டும். உதவியாளர்களையும் இதில் சேர்க்க வேண்டும். நூலகர் அலுவல் கூட்டத்துக்குப் போன நாளில் மாலை ஐந்து மணிக்கு மேசையில் இருப்பவர்கள் அவர்கள்தான். சர்வர் நின்றுவிட்டால் எழுத ஒரு தாள் நோட்டும் மேசையில் இருக்கட்டும்: உறுப்பினர் எண், பார்கோடு, நேரம், கொடுத்ததா வாங்கியதா. சர்வர் வந்ததும் அதே வரிசையில் ஏற்ற வேண்டும். வரிசை மாறினால், காலையில் ஒருவர் திருப்பி மதியம் இன்னொருவர் எடுத்துப்போன புத்தகம் திரையில் அலமாரியில் இருப்பதாகக் காட்டும்.