பெரிய பேட்டரி ஃபுல், ஆனாலும் கார் கிளம்பவில்லையா?

எலெக்ட்ரிக் காரில் ஹெட்லைட் போட்டால் ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) போய்விடும் என்று பயப்பட வேண்டாம். எல்.இ.டி. விளக்குகள் இழுப்பது சொற்பம். ஹீட்டர் அதைப்போலப் பல மடங்கு தின்னும்.

சிக்கல் வண்டியை நிறுத்திய பிறகுதான். விளக்கு, கதவுப் பூட்டு, திரை எல்லாம் ஓடுவது 12 வோல்ட் சின்ன பேட்டரியில். விளக்கை அணைக்காமல் போனால் அது படுத்துவிடும். காரை ஓட்டும் பெரிய பேட்டரியில் 80 சதவீதம் இருந்தாலும், அதைக் காரோடு இணைக்கும் ரிலேவுக்கு (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) அந்த 12 வோல்ட் வேண்டும். சார்ஜரைச் செருகினாலும் பல வண்டிகள் முழிக்காது.

அப்படி ஆகிவிட்டால் மேனுவலில் காட்டியிருக்கும் முனைகளில் 12 வோல்ட் ஜம்ப் ஸ்டார்ட்டரை (செத்த பேட்டரிக்கு உயிர் கொடுக்கும் கையடக்கப் பேட்டரி) மாட்டுங்கள். உயர் வோல்ட் ஓடும் ஆரஞ்சு நிற ஒயர் பக்கம் கை போகவே கூடாது. அப்புறம், லைட் சுவிட்சை 'ஆட்டோ'வில் விட்டுவைத்தால் பாதித் தொல்லை வராது.