மனித வியாபாரத்தில் சிக்கிய பிள்ளைக்காக முன்னிலையாதல்: கிழக்கின் இளம் சட்டத்தரணிகளுக்கு

இத்தகைய வழக்குகள் எவையும் "மனித வியாபாரம்" என்ற தலைப்போடு சட்டத்தரணியின் மேசைக்கு வருவதில்லை. வாகரையிலிருந்தோ வெல்லாவெளியிலிருந்தோ ஒரு தாய் வந்து, கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன மகள் தொலைபேசியில் பேசி மாதக்கணக்காகிவிட்டது என்பார். அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, நுண்கடனை அடைக்கவென்று வெளிநாடு போன மனைவியை ஒப்பந்தத்தில் இல்லாத வேறொரு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்பார். அவர்கள் கேட்பது பெரும்பாலும் நிலுவைச் சம்பளமும் ஆளைத் திருப்பி எடுத்துத் தருவதும்தான். அதற்குள் ஒரு பாரதூரமான குற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது சட்டத்தரணியின் வேலை.

முதலில் தண்டனைச் சட்டக்கோவையின் 360சி பிரிவைக் கையில் எடுங்கள். 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் சேர்க்கப்பட்ட அந்தப் பிரிவின்படி, வளர்ந்தவர் ஒருவர் சம்பந்தப்பட்ட வழக்கில் அச்சுறுத்தல், பலம், ஏமாற்று, ஆசைகாட்டல் அல்லது ஒருவரின் இயலாநிலையைப் பயன்படுத்துதல் என்ற வழிமுறைகளில் ஒன்றையும், கட்டாய வேலை, அடிமைத்தனம், பாலியல் சுரண்டல், உறுப்பு அகற்றல் போன்ற நோக்கங்களில் ஒன்றையும் காட்ட வேண்டும். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவராயின் வழிமுறையைக் காட்ட வேண்டியதில்லை; பிள்ளையின் சம்மதமும் கணக்கில் வராது. "அவளே விரும்பித்தானே போனாள்" என்பது எதிர்த்தரப்பு முதல் நாளே சொல்லப்போகும் வாதம் என்பதால், சிறுவர் வழக்கில் அது வாதமே அல்ல என்பதை நீங்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். தண்டனை வளர்ந்தவர் விடயத்தில் 2 முதல் 20 ஆண்டுகள். பிள்ளை விடயத்தில் 3 முதல் 20 ஆண்டுகள்.

ஆகவே முழு வழக்கும் வயதில் நிற்கிறது, வயது காகிதத்தில் நிற்கிறது. நம் மாவட்டங்களில் இது இலேசான காரியமல்ல. யுத்த கால இடப்பெயர்வும் 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமியும் எத்தனையோ வீடுகளின் அலுமாரிகளை வெறுமையாக்கிவிட்டன. பெற்றோர் பலரின் பதிவுகள் தொலைந்ததால் பிள்ளைகளின் பதிவுகளும் தாமதமாகின. பிறப்புச் சான்றிதழ் இருந்தால், பிறந்த திகதியை மட்டும் பார்த்து மடித்து வைக்காமல், பதிவு செய்யப்பட்ட திகதியையும் பாருங்கள். பிறந்து பல வருடங்களின் பின் பதியப்பட்டிருந்தால் அதைக் குறுக்கு விசாரணையில் பிடிப்பார்கள். எனவே பாடசாலை அனுமதிப் பதிவேட்டின் பிரதி, தாய் சேய் சிகிச்சை நிலையத்தில் கொடுத்த சுகாதாரப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவு என்று கிடைப்பதையெல்லாம் அப்போதே சேருங்கள். சாதகம் நீதிமன்றத்தில் பெரிய சான்றாகாது. ஆனால் தாய் திகதியை நினைவுபடுத்திக்கொள்ள அது உதவும். எதுவுமே இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கான வேலையைப் பிரதேச செயலகத்தில் தொடங்குவதோடு, வயதை மதிப்பிட்டுத் தரும்படி சட்ட வைத்திய அதிகாரியையும் கேட்க வைக்க வேண்டும்.

வயதைக் கூட்டி எழுதுவது முகவர்களின் பழைய தொழில். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 1988இல் பிறந்தவர்; 1982இல் பிறந்ததாகக் காட்டிய கடவுச்சீட்டோடு சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டு, 2013 ஜனவரியில் அங்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர். கடவுச்சீட்டிலுள்ள திகதியைப் பிறப்புப் பதிவோடு ஒப்பிடாமல் எந்தக் கோவையையும் திறக்காதீர்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், போலி ஆவணம் என்ற இன்னொரு குற்றமும் அதைச் செய்தவரிடம் போகும் ஒரு தடமும் உங்களுக்குக் கிடைக்கின்றன.

இனிப் பிள்ளையோடு பேசுவது. கட்சிக்காரர்கள் காத்திருக்கும் முன் அறையில் வேண்டாம். தகப்பனையோ, கூட்டிவந்த "மாமா"வையோ பக்கத்தில் வைத்துக்கொண்டும் வேண்டாம். அந்த மாமாவே முகவருக்கு ஊரில் ஆள் பிடித்துக் கொடுக்கும் உப முகவராக இருக்கக்கூடும். தாயோ அம்மம்மாவோ கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ஆனால் பேச்சுக் கேட்காத இடத்தில் இருக்கட்டும். மேசைக்கு மறுபக்கம் இருந்து கேள்வி கேட்டால் பிள்ளை பாடசாலையில் அதிபர் முன் நிற்பதுபோல விறைத்துவிடும்; பக்கவாட்டில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொள்ளுங்கள். "எத்தனையாம் திகதி போனீங்க?" என்று கேட்டால், "ஞாபகம் இல்ல மிஸ்" என்ற பதில்தான் வரும். பிள்ளைகளுக்குத் திகதி நினைவிருக்காது, பொருட்கள் நினைவிருக்கும். மாமாங்கத் தீர்த்தத்துக்கு முன்னமா பின்னமா, நோன்பு தொடங்கிவிட்டதா, பாடசாலை விடுமுறையா என்று கேளுங்கள். பஸ்ஸில் போனதா வானில் போனதா, வழியில் எங்கே சாப்பிட்டது, யார் காசு கொடுத்தது, போன வீட்டுக் கேற்றின் நிறம் என்ன, இரவில் எங்கே படுத்தது, கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டதா என்று ஒவ்வொன்றாகப் போங்கள். குசினிக்குள் சீமெந்துத் தரையில், காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் படுத்ததாக ஒரு பிள்ளை சொன்னால், அந்த ஒரு வரி பத்துப் பக்க வாக்குமூலத்தைவிடப் பயன்படும். பொலிஸார் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்து உறுதிப்படுத்தக்கூடிய விடயம் அது. பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் சொல்லிலேயே எழுதுங்கள். உங்கள் சட்டத் தமிழை அதற்குள் நுழைக்காதீர்கள்.

பாலியல் துன்புறுத்தல் நடந்திருக்கலாம் என்று தோன்றினால், விபரத்தை நீங்கள் துருவிக் கேட்க வேண்டாம். அதே கதையைச் சட்டத்தரணியிடம் ஒருமுறை, பொலிஸில் ஒருமுறை, வைத்தியசாலையில் ஒருமுறை, நன்னடத்தை உத்தியோகத்தரிடம் ஒருமுறை என்று சொல்லிச் சொல்லி, நீதிமன்றத்துக்கு வரும்போது பிள்ளை வாய் மூடிவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் விழும் சிறு சிறு வித்தியாசங்கள் எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின், சட்டத்தரணிக்கு முரண்பாடுகளாகக் கிடைக்கின்றன. 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ், சிறுவர் துஷ்பிரயோக வழக்குகளில் பிள்ளையின் முதல் நேர்காணலை ஒளிப்பதிவு செய்து சான்றாக முன்வைக்க இடமுண்டு. அந்த ஏற்பாடு போதிய அளவு பயன்படுத்தப்படுவதில்லை என்பது என் கருத்து. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையிடம் எழுத்தில் கேளுங்கள். முறைப்பாட்டை அதன் 1929 தொலைபேசி இலக்கத்தில் பதிந்தால் அதற்கும் ஒரு தடம் இருக்கும்.

பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவில் வாக்குமூலம் கொடுக்கும்போது, அது சிங்களத்தில் எழுதப்படுமாயின், பிள்ளைக்கு விளங்கும் தமிழில் முழுவதும் வாசித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் இடச் சொல்லுங்கள். அம்பாறை மாவட்டத்தில் இதை விடாப்பிடியாகக் கேட்க வேண்டிவரும். வைத்தியப் பரிசோதனையைப் பிந்தவிடக் கூடாது. பாலியல் சான்றுகளுக்காக மட்டும் பரிசோதிப்பது போதாது. பழைய சூட்டுக் காயம், தழும்பு, நிறை குறைவு, கை வெடிப்பு ஆகியவையும் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையில் ஏறினால்தான் கட்டாய வேலை என்பதை நிறுவ முடியும். உளவளத் துணைக்கு வைத்தியசாலையிலுள்ள நட்பு நிலையத்தைக் கேட்கலாம்.

நீதவான் நீதிமன்றத்தில் வழக்கை நடத்துவது பொலிஸ். மேல் நீதிமன்றத்தில் சட்டமா அதிபர். பாதிக்கப்பட்ட தரப்பினர் சட்டத்தரணி ஒருவரால் பிரதிநிதித்துவப்படுத்தப்படும் உரிமையை குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 260ஆம் பிரிவு தருகிறது. நீங்கள் எழுந்து நிற்பது அதன் பலத்தில்தான். முதல் தவணைக்கு முன்பே, பொலிஸார் நீதவானுக்குச் சமர்ப்பிக்கும் பி அறிக்கையின் பிரதியைப் பெற்று, எந்தப் பிரிவுகள் போடப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். சிறுவர்களைக் கொடுமைப்படுத்தல் என்ற 308ஏ பிரிவோடு, அல்லது வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைத்தல் என்ற தொழிற் சட்டக் குற்றத்தோடு மட்டும் நின்றிருந்தால், வழக்கை அழைக்கக் கோரும் நகர்த்தல் பத்திரம் ஒன்றை இட்டு, 360சி பிரிவின் கீழும் விசாரிக்குமாறு கட்டளை கேளுங்கள். வேலைக்கான ஆகக் குறைந்த வயது 2021 முதல் 16. எனவே 16, 17 வயதுப் பிள்ளைகளின் வழக்கில் "வேலைக்கு வைக்கலாம்தானே" என்ற பேச்சு எழும். வேலைக்கு வைப்பது வேறு, சம்பளமின்றிப் பூட்டி வைப்பது வேறு என்பதை அந்த இடத்திலேயே பிரித்துக் காட்டுங்கள். விடுதிச் சுற்றிவளைப்பில் பிடிபட்ட பெண்களை 1841ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் சந்தேகநபராக நிறுத்தும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகலாம் என்று குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்வது இலகுவான வழி. அந்த ஒப்புதலோடு அவர் பாதிக்கப்பட்டவர் என்ற நிலை பதிவிலிருந்து அழிந்துவிடும். செய்யாதீர்கள்.

பிள்ளை எங்கே இருக்கப்போகிறது என்பது அதே தவணையில் எழும் கேள்வி. சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையை இல்லத்திலோ பொருத்தமான ஆள் ஒருவரிடமோ ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. எல்லோருக்கும் வசதி என்பதால் இல்லத்தையே கேட்டுவிடுகிறார்கள். எதிரி வெளியே பிணையில் இருக்க, பிள்ளை சுவருக்குள் இருப்பது பிள்ளைக்குக் கிடைத்த தண்டனையாகவே படும். மட்டக்களப்பில் தாய்வழி உறவு இன்னும் பலமாக இருப்பதால், அம்மம்மாவோ பெரியம்மாவோ பெரும்பாலும் கிடைப்பார். நன்னடத்தை உத்தியோகத்தரோடும் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரோடும் முன்கூட்டியே பேசி, அந்த வீட்டைப் பார்த்து அறிக்கை தரச் செய்யுங்கள். ஆனால் உப முகவர் அதே ஒழுங்கையில் குடியிருந்தால் அந்த வீடு சரிவராது.

பிணைக்குப் பிறகு வருவது சமாதானப் பேச்சு. காசு கொண்டு வருவார்கள், ஊர்ப் பெரியவர்களைக் கொண்டு வருவார்கள், சில வேளை கல்யாணப் பேச்சையும் கொண்டு வருவார்கள். கடன்பட்ட குடும்பத்தைக் குறை சொல்ல என்னால் முடிவதில்லை. அவர்களுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம், இது இணக்க சபையில் தீர்க்கக்கூடிய விடயமல்ல, காசை வாங்கினாலும் வழக்கு நிற்காது, பிள்ளையின் சாட்சியம்தான் பலவீனப்படும் என்பதே. மிரட்டல் வந்தால், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கப் பாதிக்கப்பட்டவர்கள், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உடனே எழுத்தில் முறையிடுங்கள்; சாட்சியை மிரட்டுவதே அச்சட்டத்தில் தனிக் குற்றம். உள்ளூர் முகநூல் பக்கங்களையும் கவனியுங்கள். பாலியல் குற்றங்களுக்கு ஆளானவரை அடையாளம் காட்டும் பெயரையோ விபரத்தையோ வெளியிடுவது 365சி பிரிவின் கீழ் தண்டனைக்குரியது; பெயரை மறைத்து ஊரையும் பாடசாலையையும் போடுவதும் அடையாளம் காட்டுவதே.

வெளிநாட்டிலிருந்து திரும்பிய பெண்ணின் வழக்கில் விசாவின் வகையை முதலில் பாருங்கள். 2022இல் வெளிச்சத்துக்கு வந்த ஓமான் விவகாரத்தில் பெண்கள் சுற்றுலா விசாவில் கொண்டுபோகப்பட்டிருந்தார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போனது அவரின் குற்றம் என்று சொல்லி முறைப்பாட்டைத் தட்டிக்கழிக்க விடாதீர்கள். பதிவின்றி அனுப்பியது முகவருக்கு எதிரான சான்று. வாட்ஸ்அப் குரல் பதிவுகளையும் பணம் கைமாறிய பற்றுச்சீட்டுகளையும் தொலைபேசி பழுதாவதற்கு முன் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

பொலிஸார் விசாரிக்கவே மறுத்தால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் செல்லலாம். ஒரு மாதக் காலக்கெடு கடுமையானது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அல்லது கல்முனை அலுவலகத்தில் முறையிட்டிருந்தால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேராது. கட்டணம் செலுத்த வழியில்லாதவரைச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்புவதில் தயக்கம் வேண்டாம்.

சட்டமா அதிபர் தாக்கல் செய்யும் குற்றப்பகர்வுப் பத்திரம் மேல் நீதிமன்றத்துக்கு வர ஆண்டுகள் ஆகலாம். பதினைந்து வயதில் முறையிட்டவர் கைக்குழந்தையோடு சாட்சி சொல்ல வருவதும் உண்டு. சட்டமா அதிபர் திணைக்களத்துக்குக் கோவை இலக்கத்தோடு நினைவூட்டல் அனுப்புங்கள். முகவரி மாறினால் நீதிமன்றத்துக்கு அறிவியுங்கள். அழைப்பாணை பழைய வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டு, சாட்சி வராததால் வழக்கு விழக்கூடாது. சாட்சியத்துக்கு முன், நீதிமன்றம் கூடாத நேரத்தில் அவரைக் கூட்டிச் சென்று, கூண்டு எங்கே, எதிரி எங்கே நிற்பார், நீதிபதி எங்கே இருப்பார் என்று காட்டுங்கள். எதிரியை நேரில் காண அஞ்சினால், வேறிடத்திலிருந்து ஒளி ஒலி இணைப்பில் சாட்சியமளிக்க 2023ஆம் ஆண்டின் சட்டத்தில் இடமிருப்பதை அரச சட்டவாதிக்கு நினைவூட்டி, விண்ணப்பத்தை முன்கூட்டியே செய்விக்க வேண்டும்.

தண்டனைக் கட்டத்தில் சும்மா இருந்துவிடாதீர்கள். சட்டரீதியான பாலியல் வல்லுறவு வழக்கொன்றில், கட்டாய ஆகக்குறைந்த தண்டனை தண்டனையைத் தானே தீர்மானிக்கும் மேல் நீதிமன்றத்தின் தற்றுணிபைத் தடுக்காது என்று, மேல் நீதிமன்றம் விளக்கம் கேட்டு அனுப்பிய 2008ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கக் கோரலில் உயர் நீதிமன்றம் கூறிய பின், இடைநிறுத்திய சிறைத்தண்டனைகளும் வந்திருக்கின்றன. எனவே இழந்த பாடசாலை ஆண்டுகள், வைத்தியச் செலவு, வேலை செய்தும் கிடைக்காத சம்பளம் ஆகியவற்றைத் தொகுத்துப் பாதிப்பு அறிக்கையாக முன்வைத்து இழப்பீடு கோருங்கள். கிடைக்கும் தொகை பிள்ளையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு, 18 வயது வரை நீதிமன்ற அனுமதியின்றி எடுக்க முடியாதபடி போக வேண்டும் என்று கட்டளையிலேயே எழுதுவித்து, உறுதிப்படுத்திய பிரதி ஒன்றை அம்மம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.