பழைய றிவோல்வரை அடையாளம் காண்பதும் மதிப்பிடுவதும்: புதியவர்களுக்கு வன்னியிலிருந்து ஒரு வழிகாட்டி

லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் மருமகன் ஏல விளம்பரம் ஒன்றைப் படமாக அனுப்பி, "மாமா, இது உண்மையிலேயே பழசா? கேட்கிற விலைக்குத் தகுமா?" என்று கேட்டால், வவுனியாவில் இருந்துகொண்டே ஓரளவு சரியான பதில் சொல்ல முடியும். பழைய றிவோல்வர்கள் தங்கள் வரலாற்றைத் தங்கள் உடம்பிலேயே சுமக்கின்றன. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும், நல்ல படங்களே பாதி வேலையைச் செய்துவிடும். எனக்கு இந்த ஆர்வம் முத்திரைகளால் வந்தது. ஒரு அங்குல உருக்கில் எந்த நாடு, எந்தத் தொழிற்சாலை, எந்த யுத்தம் என்று எழுதி வைத்திருப்பதை வாசிக்கப் பழகினால் விட மனம் வராது.

முதலில் சட்டமும் நிலமும்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருக்க முடியாது, அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். "பழசுதானே, சுடாதே" என்ற வாதத்தை நம்பி யாரும் எதையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

அதைவிடப் பெரிய விஷயம் நம்முடைய மண். கிணறு தோண்டும்போதோ காணி துப்புரவு செய்யும்போதோ துருப்பிடித்த ஆயுதம் எதுவும் தென்பட்டால் அது சேகரிப்புப் பொருள் அல்ல. தொடாதீர்கள், துடைத்துப் பார்க்காதீர்கள், பக்கத்தில் வேறென்ன புதைந்திருக்கிறது என்று தேடாதீர்கள். வந்த வழியே திரும்பி நடந்து, 119 இற்கு அழைத்து பொலிசுக்குச் சொல்லுங்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மிதிவெடி அகற்றும் வேலை எத்தனை ஆண்டுகளாக நடக்கிறது என்று நமக்குத் தெரியும். எனவே இந்தப் பதிவு முழுவதும், சட்டப்படி ஒருவர் கையில் உள்ள பொருளைப் படத்திலோ காட்சியிலோ பார்த்து அறிவது பற்றியது.

வெளிநாட்டிலும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு கோடு. அமெரிக்காவில் 1898 முடிவதற்குள் செய்யப்பட்டது தொன்மையானது என்று மத்திய சட்டம் சொல்கிறது. கனடாவில் 1898க்கு முன் செய்யப்பட்டிருக்க வேண்டும், அதோடு அது எந்த ரவைக்கானது என்பதும் பார்க்கப்படும். பிரித்தானியாவில் 2021இல் வந்த விதிகளின்படி 1939 செப்டெம்பர் 1க்கு முன் செய்யப்பட்டு, வழக்கொழிந்த ரவைகளின் அல்லது மருந்தைப் பற்றவைக்கும் முறைகளின் பட்டியலிலும் இருக்க வேண்டும். ஆகவே மருமகனுக்குச் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை விலை அல்ல: "உன் ஊர்ச் சட்டத்தைப் பார்."

படி 1: படங்களைக் கேட்டு வாங்குங்கள்

உரிமையாளர் அல்லது அனுமதி பெற்ற விற்பனையாளர் அது வெறுமையாக இருப்பதை உறுதி செய்த பிறகே படம் எடுக்க வேண்டும். இடப்பக்கம், வலப்பக்கம், குழலின் மேற்பகுதி, ரவைகள் இருக்கும் சுழலும் உருளையின் பின்முகம், கைப்பிடியின் அடி, அப்புறம் ஒவ்வொரு முத்திரையும் தனித்தனியாக. ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னலோர வெளிச்சம் சாய்வாக விழுந்தால் தேய்ந்த எழுத்துக்கூடத் தெரியும்.

படி 2: எப்படித் திறக்கிறது?

வகையைப் பிரிக்க இதுவே எளிய கேள்வி. மேலிருந்து மடிந்து திறந்தால் பெரும்பாலும் பிரித்தானியாவின் வெப்ளி அல்லது என்ஃபீல்ட் குடும்பம். உருளை மட்டும் பக்கவாட்டில் வெளியே வந்தால் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் செய்த விக்டரி போன்ற பிற்கால வகை. சட்டகம் (குழலும் உருளையும் பொருத்தியிருக்கும் உடல்) திறக்காமல், பின்னால் உள்ள சிறு கதவு வழியாக ஒவ்வொரு ரவையாகப் போடுவதாக இருந்தால் 1873இல் அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் கொண்டுவந்த சிங்கிள் அக்‌ஷன் ஆர்மி அல்லது ரஷ்ய நாகந்த் 1895 போன்றவை. நாகந்தின் உருளையில் ஏழு ரவையறைகள், அதனாலேயே உடனே பிடிபடும். ரவையே இல்லாமல் மருந்தும் குண்டும் தனித்தனியாக இடிப்பதாக இருந்தால், நம் ஊர் இடியன் துவக்கின் காலத்துத் தொழில்நுட்பம் அது. லண்டனில் 1850களில் கோல்ட் ஒரு தொழிற்சாலை வைத்துச் செய்த நேவி றிவோல்வர்கள் அந்த வகை. குழலில் லண்டன் முகவரி இருந்தால் சேகரிப்பாளர்கள் தேடி வருவார்கள்.

படி 3: முத்திரைகளை வாசியுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். நம் பக்கத்துக்கு வந்தவை பெரும்பாலும் பிரித்தானியாவினுடையவை என்பதால் அவற்றிலிருந்து தொடங்குவோம்.

கோழிக்கால் தடம் போல மூன்று கோடுள்ள அம்புக்குறி இருந்தால் அது பிரித்தானிய அரசாங்கச் சொத்தாக இருந்தது. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டினால், சேவையிலிருந்து நீக்கி விற்கப்பட்டது என்று பொருள். துப்பாக்கியின் பலத்தைச் சோதித்து முத்திரை குத்தும் பர்மிங்ஹாம் சோதனைச்சாலை 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. கிரீடத்தின் கீழ் பிபி (BP), பிவி (BV) என்று எழுத்திருந்தால் அது 1904க்குப் பிறகு அங்கே குத்தப்பட்ட முத்திரை. குறுக்காக வைத்த செங்கோல்களோடு கிரீடம் இருந்தால் அதற்கு முந்தியது. அதாவது விற்பவர் "1890களின் பொருள்" என்று சொல்லும்போது பிபி முத்திரை மட்டும் இருந்தால் கேள்வி கேளுங்கள். பின்னாளில் திரும்பச் சோதித்திருக்கலாம்தான், ஆனால் அதை விற்பவர் விளக்க வேண்டும்.

"இங்கிலாந்தில் செய்யப்படவில்லை" என்று ஆங்கிலத்தில் குத்தியிருப்பதைப் பார்த்து போலி என்று பயப்பட வேண்டாம். வெளிநாட்டுத் தயாரிப்புகள் பிரித்தானியச் சோதனைச்சாலைக்கு வந்தபோது 1925 முதல் 1955 வரை அப்படிக் குத்தினார்கள். நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி (ELG) என்ற எழுத்துக்கள் இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். வெப்ளியின் புல்டாக் என்ற குட்டை றிவோல்வரை அங்கே ஏராளமாக நகல் செய்தார்கள். புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது: வடிவம் வெப்ளி, முத்திரை லியேஜ், கேட்கும் விலை வெப்ளியினுடையது.

வெப்ளியின் இராணுவ வரிசையில் ஒவ்வொரு பதிப்புக்கும் மார்க் என்று பெயர்: மார்க் 1 1887இல் வந்தது, மார்க் 4 தென்னாபிரிக்காவின் போயர் யுத்த காலத்தது, மார்க் 6 1915இல் ஏற்கப்பட்டது. மார்க் 6 ஆறு அங்குலக் குழல், .455 ரவை, சதுரமான கைப்பிடி. எந்த மார்க் என்பது ரோமன் எண்ணில் இருக்கும், சட்டகத்தின் இடப்பக்கத்தில் ஆண்டும் இருக்கும். முதலாம் உலக யுத்தத்தில் பெருந்தொகையாகச் செய்ததால் மார்க் 6 அரிதல்ல. அரிது என்றால் வெப்ளி ஃபோஸ்பெரி. 1901இல் வந்தது, உருளையைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடும் பள்ளங்கள் இருக்கும். சுடும் உதைப்பே அடுத்த அறையைத் திருப்பும். அந்தப் பள்ளங்களைப் படத்தில் பார்த்தால் அங்கேயே நிதானியுங்கள்.

1932இல் ஏற்கப்பட்ட என்ஃபீல்ட் எண் 2இல் ஒரு நுட்பம் உண்டு. முதலில் வந்ததன் சுத்தியலில் பெருவிரலால் இழுக்கும் கொம்பு இருந்தது. 1938இல் வந்த மாற்றத்தில் அதை நீக்கினார்கள், பழையவை பல பழுதுபார்க்கப் போனபோது அவற்றிலும் நீக்கப்பட்டன. ஆகவே கொம்பு இன்னும் இருக்கும் ஆரம்பகால என்ஃபீல்டுக்குக் கூடுதல் மதிப்பு.

விக்டரி மாதிரியில் தொடரிலக்கத்துக்கு முன் வி (V) எழுத்து இருக்கும். கைப்பிடி அடியில் பாருங்கள். பிரித்தானியாவுக்கும் அதன் கூட்டு நாடுகளுக்கும் போனவை பெரும்பாலும் ஐந்து அங்குலக் குழல்.

படி 4: இலக்கங்கள் ஒன்றா?

சட்டகம், குழல், உருளை மூன்றிலும் இலக்கம் தேடுங்கள். ஒத்துப்போனால் தொழிற்சாலையிலிருந்து ஒன்றாகப் பிறந்தவை. உருளை மட்டும் வேறு இலக்கம் என்றால் எங்கோ மாற்றப்பட்டது, மதிப்புக் குறையும். எழுத்தின் அளவும் ஆழமும் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு இலக்கம் மட்டும் புதுக்கூர்மையோடு இருந்தால் நான் மேலே போக மாட்டேன்.

படி 5: பளபளப்பை நம்பாதீர்கள்

என் கருத்தில் புதியவர் கற்க வேண்டிய மிக முக்கியமான பாடம் இதுதான். உருக்கைத் துருவிலிருந்து காக்க ஏற்றும் கருநீல நிறம் அசலாக எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே விலையின் முதுகெலும்பு. அமெரிக்காவின் தேசிய ரைஃபிள் சங்கம் தொன்மையானவற்றுக்கு வகுத்த தரவரிசையில், 80 வீதத்துக்கு மேல் அசல் நிறம் இருந்தால் மிகச்சிறந்தது, 30 வீதத்துக்கு மேல் இருந்தால் அடுத்த தரம். அசல் நிறம் அறவே போயிருந்தாலும், உலோகம் சீராகவும் எழுத்துக்கள் தெளிவாகவும் இருந்தால் இன்னும் மதிப்பான நிலையில்தான் சேர்ப்பார்கள்.

தேய்மானம் நேர்மையாக வரும் இடங்கள் உண்டு: உறையில் உரசும் குழல் முனை, உருளையின் ஓரம், கை பிடிக்கும் பின்பட்டை. அங்கே நிறம் முழுதாக இருந்து மற்ற இடங்களில் நுண்குழிகள் நிறத்துக்கு அடியில் தெரிந்தால், பின்னாளில் தேய்த்துப் புதிதாக நிறமேற்றியிருக்கிறார்கள். விளிம்புகள் மழுங்கியிருப்பதும், திருகாணித் துளைகளின் வாய் கிண்ணம்போல் குழிந்திருப்பதும், முத்திரை எழுத்துக்கள் மங்கி ஓரம் கரைந்திருப்பதும் அதே கதையைச் சொல்லும். தயவுசெய்து யாரும் பிராஸோ போட்டு மினுக்க வேண்டாம். நூறு ஆண்டு உருவாக்கிய பழுப்பு நிறத்தை ஒரு பின்னேரத்தில் அழித்தால் அதைத் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை. மெல்லிய எண்ணெய்த் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். தோல் உறைக்குள் நெடுநாள் வைத்தாலும் ஈரம் இழுத்துத் துருப்பிடிக்கும், உறையைத் தனியாக வைக்க வேண்டும்.

படி 6: வெட்டப்பட்டதா?

அமெரிக்காவுக்குப் போன .455 வெப்ளிகள் பலவற்றின் உருளைப் பின்புறத்தைச் சீவி, .45 தானியங்கி ரவைக்கு ஏற்றவாறு மாற்றினார்கள். விக்டரிகள் பலவற்றின் அறைகளும் வேறு ரவைக்காக ஆழமாக்கப்பட்டன. இவை இரண்டும் சேகரிப்பாளர் கண்ணில் பெரிய குறை. ஆபத்தும்கூட, ஏனென்றால் புதிய ரவையின் அழுத்தம் பழைய உருளை தாங்கும் அளவைத் தாண்டலாம். விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: "உருளை சீவப்பட்டதா?" மழுப்பினால் பதில் கிடைத்துவிட்டது.

படி 7: கதைக்குக் கடதாசி

"இது அந்தக் காலத்து ஏஜென்டு துரையுடையது" என்ற கதை எல்லா வீட்டிலும் இருக்கும். கடதாசி இல்லாத கதைக்கு நான் ஒரு ரூபாயும் கூட்ட மாட்டேன். கடதாசி இருந்தால் நிலைமை தலைகீழ். அமெரிக்கக் கொள்ளைக்காரன் பில்லி த கிட்டைச் சுட ஷெரிப் பட் காரெட் பயன்படுத்திய கோல்ட், 2021இல் பொன்ஹாம்ஸ் ஏலத்தில் 60 இலட்சம் டொலருக்கு மேல் போனது. அதே மாதிரியான சாதாரணக் கோல்டுகள் அந்த விலையின் அருகில்கூட வராது. வித்தியாசம் முழுவதும் சான்றுகள்.

கோல்ட் நிறுவன ஆவணப் பகுதியிலும் ஸ்மித் அண்ட் வெசன் வரலாற்று அறக்கட்டளையிலும் தொடரிலக்கம் கொடுத்துக் கட்டணம் கட்டினால், எந்த நாளில் எங்கே அனுப்பப்பட்டது என்று கடிதம் தருவார்கள். படைவீரரின் பெயர் செதுக்கியிருந்தால் சேவைப் பதிவோடு ஒப்பிடுங்கள். பழைய அனுமதிப்பத்திரம், வாங்கிய பற்றுச்சீட்டு, உறையோடு அதிகாரி நிற்கும் படம் எல்லாமே சான்றுதான்.

படி 8: விலைக்கு வருவோம்

இணையத்தில் கேட்கப்படும் விலை விலையல்ல, ஆசை. ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிந்த விலையைத் தேடுங்கள். அதே மாதிரி, அதே நிலை, வெட்டப்படாதது என்று மூன்றும் பொருந்தும் விற்பனைகளை எடுத்து, அவற்றின் நடுவில் வைத்துப் பாருங்கள். ஏல விலைக்கு மேல் வாங்குபவர் கட்டும் கமிஷனும் உண்டு, அது சேர்த்ததா சேர்க்காததா என்று கவனியுங்கள். பிரித்தானிய விலையை அமெரிக்க விலையோடு கலக்காதீர்கள். சட்டம் வேறு என்பதால் வாங்குவோர் எண்ணிக்கையும் வேறு.

பழசு என்பதால் மட்டும் விலை ஏறாது. நாகந்த் இலட்சக்கணக்கில் செய்யப்பட்டது. 1847இன் கோல்ட் வோக்கரோ ஏறத்தாழ 1,100 மட்டுமே, அதில் நன்றாகப் பிழைத்த ஒன்று 2018இல் 18 இலட்சத்து 40 ஆயிரம் டொலருக்குப் போனது.

மருமகனுக்கு அனுப்பும் பதிலை இந்த ஒழுங்கில் எழுதுங்கள்: மாதிரியும் மார்க்கும், தொடரிலக்கங்கள், ஒவ்வொரு முத்திரையும் எந்த இடத்தில் என்பது, அசல் நிறம் எத்தனை வீதம், மாற்றங்கள், இருக்கும் கடதாசிகள், ஒப்பிட்ட விற்பனைகள். ஏதாவது ஒரு வரி வெறுமையாக இருந்தால் அதற்குரிய படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்கும்வரை விலை சொல்ல வேண்டாம்.