அகல வீலும் ரேஸ் டயரும்: வாங்குவதற்கு முன் அளந்துவிடுங்கள்

முதல் தடவை அகல வீல் போட்டபோது நானும் எல்லாரையும் போலத்தான் அளந்தேன். வண்டி தரையில் நிற்கிறது, டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் ஒரு விரல் தாராளமாகப் போகிறது, சரி போதும் என்று கிளம்பிவிட்டேன். டிராக்கில் மூன்றாவது சுற்றில் ரப்பர் கருகும் வாசனை. இறங்கிப் பார்த்தால் புது டயரின் வெளித் தோள் முழுக்க, சுற்றிலும், கத்தியால் கீறியது போல ஒரே சீரான கோடு. பம்பரும் ஃபெண்டரும் சேரும் இடத்தில் உள்ளே துருத்திக்கொண்டிருந்த ஒரு சின்ன ஸ்க்ரூதான் வேலையைக் காட்டியிருந்தது. நிற்கிற வண்டியில் அந்த ஸ்க்ரூ டயருக்கு எங்கேயோ மேலே இருந்தது, வளைவில் சஸ்பென்ஷன் அமுங்கினதும் நேராக டயர் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்த வேலையில் பெரும்பாதி அளவெடுப்பதுதான். மாட்டுவது அரை நாள் வேலை.

முதலில் டயரை முடிவு செய்யுங்கள், அப்புறம் ரிம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள், அழகான ரிம் ஒன்று கண்ணில் படும், அதை வாங்கிவிட்டு அதற்கு ஏற்ற டயரைத் தேடுவார்கள், கடைசியில் ரேஸ் டயர் அந்த அளவில் வருவதே இல்லை என்று தெரியவரும். ரேஸ் டயர்கள் எல்லா அளவிலும் கிடைப்பதில்லை.

உதாரணத்துக்கு உங்கள் வண்டியில் இருப்பது 225/45ஆர்17 என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் 225 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், அதாவது 101 மி.மீ. சொச்சம், ரிம் 17 அங்குலம். கூட்டினால் மொத்த விட்டம் சுமார் 634 மி.மீ. இதற்குப் பதில் 255/40ஆர்17 போட்டால் 636 வரும். இரண்டு மி.மீ.கூட வித்தியாசம் இல்லை. ஸ்பீடோமீட்டர், ஏபிஎஸ், கியர் விகிதம் எதுவும் பாதிக்காமல் 30 மி.மீ. அகலம் கிடைக்கிறது. இப்படி விட்டம் மாறாமல் அகலம் ஏறும் அளவைத்தான் தேட வேண்டும். லோடு இண்டெக்ஸையும் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய டயரில் 91 என்றிருந்தால் (ஒரு டயருக்கு 615 கிலோ) புதியது அதற்குக் கீழே போகக்கூடாது.

முழு ஸ்லிக் (பள்ளமே இல்லாத வழவழப்பான ரேஸ் டயர்) வாங்குகிறவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. அதில் அளவு வேறு மாதிரி எழுதியிருக்கும். 24/64-18 என்றால் அகலம் 24 செ.மீ., மொத்த விட்டம் 64 செ.மீ., ரிம் 18 அங்குலம். இங்கே சதவீதக் கணக்கே கிடையாது.

டயர் முடிவானதும் ரிம் அகலம். 255/40ஆர்17க்கு எட்டரையிலிருந்து பத்து அங்குலம் வரை போடலாம், நான் ஒன்பது போடுவேன். எட்டு அங்குல ரிம்மில் 255ஐத் திணித்தால் டயர் பக்கவாட்டில் பிதுங்கி, வளைவில் பக்கச் சுவர் சாய்ந்து, ஸ்டியரிங் திருப்பினால் வண்டி ஒரு யோசனைக்கு அப்புறம்தான் திரும்பும். டயரை மட்டும் அகலமாக்கி ரிம்மை அப்படியே விடுபவர்கள் காசைக் கொடுத்து வண்டியை மந்தமாக்கிக்கொள்கிறார்கள் என்பேன். இன்னொரு விஷயம், 255 என்று எழுதியிருக்கிற எல்லா டயரும் 255 இல்லை. ஒரே எண் போட்ட இரண்டு கம்பெனி டயர்களை அடுத்தடுத்து வைத்தால் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும், ரேஸ் டயர்கள் பெரும்பாலும் எழுதியதைவிட அகலமாகத்தான் இருக்கும், தோள் சதுரமாக இருப்பதால் ஃபெண்டரில் முதலில் உரசுவதும் அந்தத் தோள்தான். தயாரிப்பாளர் கொடுக்கும் அளவுப் பட்டியலில் உண்மையான அகலம் தனியாகப் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். எந்த ரிம்மில் மாட்டி அளந்தார்கள் என்பதும் அதிலேயே இருக்கும். ரிம் அரை அங்குலம் கூடினால் டயர் அகலம் 5 மி.மீ. போலக் கூடும்.

இப்போது ஆஃப்செட். எல்லாரும் பயப்படும் சொல், ஆனால் கூட்டல் கழித்தல்தான். ரிம்மின் அகலத்துக்கு நட்ட நடுவில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஹப்பில் போய் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கமாக இருக்கிறதோ அதுதான் ஆஃப்செட், ரிம்மில் இ.டி.45 என்பது போலப் பொறித்திருக்கும். எண் பெரிதானால் வீல் உள்ளே போகும், சிறிதானால் வெளியே வரும்.

உங்கள் பழைய ரிம் ஏழரை அங்குலம், இ.டி.45 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழரை அங்குலத்தில் பாதி 95 மி.மீ. ஹப் முகத்திலிருந்து உள்பக்கம் 95 கூட்டல் 45, 140. வெளிப்பக்கம் 95 கழித்தல் 45, 50. புதியது ஒன்பது அங்குலம், பாதி 114. அதே இ.டி.45 வாங்கினால் உள்ளே 159, வெளியே 69, இரண்டு பக்கமும் 19 மி.மீ. கூடுகிறது. இ.டி.35 வாங்கினால் உள்ளே 149, வெளியே 79. அதாவது உள்பக்கம் 9, வெளிப்பக்கம் 29. ரிம் உதட்டின் தடிமன் இந்தக் கணக்கில் வரவில்லை, ஆனால் பழையதற்கும் புதியதற்கும் அது ஒன்றுதான் என்பதால் வித்தியாசம் மாறாது.

இப்போதுள்ள வீலை மாட்டியபடியே உள்பக்கம் ஸ்ட்ரட்டுக்கும் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) டயருக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 14 மி.மீ. இருந்தால் அதில் 5ஐ விட்டுவிட்டு 9ஐ எடுத்துக்கொள்ளலாம். வெறும் 5 போதுமா என்று கேட்பீர்கள். மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வண்டியில் போதும், ஏனென்றால் ஸ்ட்ரட் நக்கிளோடு (ஹப்பைத் தாங்கும் பாகம்) இறுக்கப்பட்டிருக்கிறது, வீல் ஏறினாலும் இறங்கினாலும் திரும்பினாலும் இரண்டும் சேர்ந்தே போகும், நடுவில் உள்ள இடைவெளி மாறாது. ஒரே ஒரு சிக்கல் கேம்பர் போல்ட். ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் போல்ட்டைத் தளர்த்திக் கேம்பர் (வீலின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாயும் சாய்வு, மைனஸ் எண்ணில் சொல்வார்கள்) கூட்டினால் வீலின் மேல்பக்கம் ஸ்ட்ரட்டை நோக்கிச் சாயும், உங்கள் 5 மி.மீ. காணாமல் போகும். ஸ்ட்ரட்டின் மேல்முனையில் கேம்பர் பிளேட் வைத்துக் கூட்டினால் இந்தத் தொல்லை இல்லை. அதனால் டிராக்குக்கு எவ்வளவு கேம்பர் வைக்கப்போகிறீர்களோ அதை வைத்துவிட்டு அளங்கள். மேலும் கீழும் தனித்தனி ஆர்ம் உள்ள டபுள் விஷ்போன் வண்டியில் இந்தச் சலுகை கிடையாது, மேல் ஆர்ம் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும்.

வெளிப்பக்கம் அப்படியில்லை, அங்கே எல்லாம் நகரும். நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்து, ஸ்டெபிலைசர் லிங்க்கைக் கழற்றி, ஸ்ட்ரட்டை வெளியே எடுத்து, ஸ்பிரிங்கை மட்டும் நீக்கிவிட்டு பம்ப் ஸ்டாப்போடு (சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது தடுக்கும் ரப்பர்) திரும்ப மாட்டுவேன். ஸ்பிரிங் கழற்றுவது விளையாட்டு இல்லை, கம்ப்ரெசர் இல்லாமல் மேல் நட்டைத் தொட்டால் ஆளையே அடித்துவிடும், பழக்கம் இல்லாவிட்டால் மெக்கானிக்கிடம் விடுங்கள். அப்புறம் வீலை மாட்டி, ஹப்புக்குக் கீழே ஜாக்கி வைத்து மெதுவாக ஏற்றுவேன், பம்ப் ஸ்டாப் நசுங்கும் வரைக்கும். அந்த நிலையில் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பி, ஒரு டார்ச்சை உள்ளே விட்டுப் பார்த்தால் எது எங்கே இடிக்கிறது என்பது அப்பட்டமாகத் தெரியும்: ஃபெண்டர் உதடு, லைனர் (ஃபெண்டருக்கு உள்ளே உள்ள பிளாஸ்டிக் உறை), லைனரைப் பிடித்திருக்கும் கிளிப், பிரேக் ஹோஸ், முன்பக்கம் பம்பர் ஓரம். இப்படிப் பார்த்திருந்தால் என் ஸ்க்ரூ அன்றைக்கே அகப்பட்டிருக்கும்.

இவ்வளவும் முடியாது என்பவர்களுக்குக் களிமண் வழி. குழந்தைகள் உருட்டும் அந்தக் களிமண்ணைப் பட்டாணி அளவில் உருட்டி ஃபெண்டர் உதட்டின் உள்பக்கம் அங்கங்கே ஒட்டிவிட்டு, ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, ஒரு மேடு, முழுத் திருப்பம், கொஞ்சம் பிரேக் என்று பார்த்துவிட்டு வந்தால் எந்த உருண்டை எவ்வளவு தட்டையானது என்பது கணக்குச் சொல்லும். தட்டையாகாதது நிம்மதி. தேய்ந்து வழித்துக்கொண்டு போயிருந்தால் வேலை இருக்கிறது.

அந்த வேலை பெரும்பாலும் ஃபெண்டர் உதட்டை மடிப்பதுதான். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டு விளிம்பை ரோலர் வைத்து மேலே மடித்தால் நல்ல இடம் கிடைக்கும். ஹீட் கன்னால் பெயிண்டைத் தொட்டால் சுடும் அளவுக்குச் சூடாக்கிக்கொண்டு, ஒரே அழுத்தத்தில் முடிக்க நினைக்காமல் ஐந்தாறு தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். குளிர்ந்த பெயிண்ட் வெடிக்கும், வெடித்த இடத்தில் துரு வரும்.

பிரேக் காலிப்பரை மறந்துவிடாதீர்கள். ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும் சரியாக இருந்தும் ஆரக்கால் காலிப்பரில் இடிக்கலாம், அது ஆரக்காலின் வளைவைப் பொறுத்தது. பெரிய காலிப்பர் தயாரிப்பாளர்கள் தாளில் அச்சிட்டு வெட்டிக்கொள்ளும் படம் தருவார்கள், அதை அட்டையில் ஒட்டி வெட்டி ரிம்முக்குள் வைத்துப் பாருங்கள். பேலன்சிங் எடைகளை ஒட்டும்போதும் காலிப்பர் எதிரே வராத இடத்தில் ஒட்டச் சொல்ல வேண்டும்.

பி.சி.டி. (எத்தனை போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் எத்தனை மி.மீ.) பொருந்த வேண்டும், 5x112ஐ 5x114.3 ஹப்பில் இழுத்துப் பிடித்து மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன், செய்யாதீர்கள். நடுத் துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் ரிங் போடுங்கள். நட்டின் உட்காரும் முகம் கூம்பா உருண்டையா என்று பாருங்கள், கூம்பு நட்டை உருண்டைக் குழியில் இறுக்கினால் ஒரு ஓரத்தில்தான் பிடிக்கும், பிறகு தானே தளரும். ஸ்பேசர் (வீலை வெளியே தள்ள ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் தட்டு) போட்டால் நட் ஏறுவதற்கு மிஞ்சும் ஸ்டட்டின் நீளம் குறையும், 12 மி.மீ. ஸ்டட்டில் நட் குறைந்தது 12 மி.மீ. ஆழமாவது ஏற வேண்டும், 1.5 மி.மீ. மரை என்றால் எட்டு முழுச் சுற்று. கையால் சுற்றி எண்ணிப் பாருங்கள், ஏழில் முட்டினால் நீள ஸ்டட் வாங்காமல் ஓட்டாதீர்கள்.

மாட்டும்போது ஹப் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, நட்டுகளைக் குறுக்கு நெடுக்காக, டார்க் ரெஞ்ச் வைத்து, வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். மரையில் கிரீஸ் தடவினால் அதே டார்க்கில் ஸ்டட் அதிகமாக இழுபடும், அதனால் உலர்ந்தே இருக்கட்டும். ஐம்பது, நூறு கி.மீ. ஓடியதும் மறுபடி ஒரு முறை. டிராக்கில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் பார்ப்பது என் வழக்கம், சூடும் குளிரும் மாறி மாறி வரும்போது நட்டுகள் தளர்வதை நேரில் கண்டிருக்கிறேன்.

டயர் விஷயத்துக்கு வருவோம். சாலையிலும் ஓட்டிப் போய் டிராக்கிலும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் செமி ஸ்லிக் (பள்ளம் குறைவான, சாலையிலும் ஓட்டக்கூடிய டயர்) எடுங்கள், டோயோ ஆர்888ஆர், யோகோஹாமா ஏ052, மிஷெலின் கப் 2 வகையறா. முழு ஸ்லிக் டிரெய்லரில் வண்டியைக் கொண்டுபோகிறவர்களுக்கு. புது டயரை முதல் ஓட்டத்திலேயே கசக்காதீர்கள். நாலைந்து சுற்று படிப்படியாக வேகம் ஏற்றிச் சூடாக்கி, நிறுத்தி, ஒரு நாள் முழுக்க ஆறவிட்டால் ரப்பர் கூட்டு கெட்டிப்பட்டு டயர் நீடித்து உழைக்கும். பக்கச் சுவரில் உள்ள தேதி எண்ணையும் பாருங்கள், 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்தாறு வருடம் கிடங்கில் கிடந்த செமி ஸ்லிக்கில் டிரெட் முழுசாக இருக்கும், பிடிப்புதான் இருக்காது.

காற்று அழுத்தத்தைச் சூட்டில் பாருங்கள், குளிரில் வைக்கும் எண் வெறும் தொடக்கம். காலையில் 26 பிஎஸ்ஐ வைத்துக் கிளம்பினால் நன்றாக ஓட்டிவிட்டு வரும்போது 33, 34 ஆகியிருக்கும், பல செமி ஸ்லிக்குகளுக்கு அந்த அளவுதான் சுகம். பிட்டுக்குள் நுழைந்த உடனே அளங்கள், ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் எண் இறங்கிவிடும். ஊசி வைத்த வெப்பமானி இருந்தால் டிரெட்டின் உள், நடு, வெளி மூன்று இடத்திலும் குத்திப் பாருங்கள். நடு மட்டும் அதிகச் சூடு என்றால் காற்று அதிகம். வெளி ஓரம் கொதிக்கிறது, உள் ஓரம் குளிர்ந்திருக்கிறது என்றால் கேம்பர் போதவில்லை. உள் ஓரம் வெளியைவிட ஐந்து, பத்து டிகிரி கூட இருந்தால் நல்லது. ஸ்ட்ரட் வண்டியில் ரேஸ் டயருக்கு முன்பக்கம் மைனஸ் மூன்று டிகிரி கேம்பர் ஒன்றும் அதிகம் இல்லை, கம்பெனி வைத்த மைனஸ் ஒன்றோடு ஓட்டினால் வெளித் தோள் இரண்டு நாளில் மொட்டையாகிவிடும்.

ஆல் வீல் டிரைவ் வண்டி என்றால் முன்னும் பின்னும் விட்டம் ஒன்றாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடாகிப் பாழாகும். வீல் வெளியே வர வர பேரிங் சீக்கிரம் போகும், பள்ளமான சாலையில் ஸ்டியரிங் தானாக இழுக்கும், இது பழுது இல்லை, அகல வீலோடு கூடவே வருவது. எஞ்சின் பக்கமும் ஒரு கண் வையுங்கள். பிடிப்பு கூடினால் நீண்ட வளைவில் சம்ப்பில் (எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) உள்ள எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கிப் பம்ப்புக்குக் கிடைக்காமல் போகலாம், சாதா டயரில் தெரியாத இந்தக் குறை செமி ஸ்லிக்கில்தான் வெளியே வரும். எண்ணெய் அளவை மேல் கோட்டில் வைத்துக்கொள்ளுங்கள், தடுப்புத் தகடு போட்ட சம்ப் கிடைத்தால் போட்டுவிடுங்கள்.

மழை வந்தால் செமி ஸ்லிக்கில் தேங்கிய நீரின் மேல் வேகம் காட்டாதீர்கள், பள்ளம் குறைவு, அகலம் அதிகம், வண்டி மிதக்கும். உறைபனி குளிரில் இந்த டயர்களை ஓட்டாமல் இருப்பதோடு தூக்கிப் போட்டு உருட்டவும் செய்யாதீர்கள், ரப்பர் கண்ணாடி போல விறைத்து வெடிப்பு விடும். கழற்றியதும் ஒரு சாக்குக் கட்டியால் ‘முன் இடது’, ‘பின் வலது’ என்று எழுதிவைத்து, வெயில் படாத இடத்தில் அடுக்கிவிடுங்கள்.